முகவரியில் ‘பிளாக்’ உள்ளவர்கள்

எங்கள் வீட்டு முகவரியை முழுதாக எழுத இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை மறைத்துக்கொண்டு ஏழு மாதம் வேலை பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில், இரும்புலியூரில் இருக்கும் கல்லூரி நண்பன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன். அவன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்: யாராவது விசாரித்து வந்தால், ‘மாடியில்தான் குடியிருக்கிறான், இப்போது வெளியே போயிருக்கிறான்’ என்று சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. வேலை தேடும் பையன்கள் பாதிப் பேரிடம் ஓர் இரவல் முகவரி உண்டு. இரவல் சட்டை போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிற மாதிரிதான். என்ன, வேலை கிடைத்த பிறகும் அந்தச் சட்டையைக் கழற்ற முடியாது.

நாங்கள் இருப்பது மேடவாக்கத்தைத் தாண்டி, குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில். நான் ஆறாவது படிக்கும்போது, நகரத்துக்குள் ஆற்றோரமாக இருந்த எங்கள் வீடுகளை இடித்துவிட்டு, சாமான்களோடு எங்களையும் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கட்டடங்கள். தெருப் பெயர் கிடையாது. பிளாக் நம்பர், கதவு நம்பர், அவ்வளவுதான். இந்த முகவரியைச் சொன்னால் சாப்பாடு கொண்டுவருகிறவர் மெயின் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு போன் செய்வார். இன்டர்வியூவில் அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிடுவார். எனக்கு மூன்று முறை மூடியிருக்கிறார்கள். நான்காவது முறைதான் இரும்புலியூர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் எங்கள் பிளாக்கில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, எல்லாம். ஒருமுறை அம்மாவின் மனுவில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று ஜன்னல் வழியாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு கட்டத்தையும் விடமாட்டேன். பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல், முகவரியைப் பின்கோடு வரைக்கும் நிரப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் வேலை பார்ப்பது மேற்குத் தாம்பரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் கான்ட்ராக்ட் அலுவலகத்தில். அபார்ட்மெண்ட்களுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் கூட்டிப் பெருக்க, காவல் காக்க ஆட்களை அனுப்புவோம். அந்த ஆட்களுடைய பெயர், போன், முகவரி, எந்த இடத்தில் வேலை என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது நான். அதிலிருந்து வேண்டியதைக் கேட்டு வாங்கும் மொழியை, கேம்ப் ரோட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் சனி ஞாயிறு போய்க் கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘லைக்’. ஒரு எழுத்துத் துண்டைக் கொடுத்தால் போதும், அது எங்கெல்லாம் வருகிறதோ அந்த வரிகளையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும். துண்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சதவீதக் குறி போட வேண்டும். அந்தக் குறியை அதுவரை மார்க் ஷீட்டிலும் துணிக்கடை போர்டிலும்தான் பார்த்திருந்தேன். இங்கே அதற்கு, ‘இந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று பொருள். ‘%தாம்பரம்%’ என்று கேட்டால் கிழக்குத் தாம்பரமும் வரும், மேற்கும் வரும், தாம்பரம் சானடோரியமும் வரும். முதல் நாள் இதைப் பார்த்தபோது இவ்வளவு தாராளமான ஒரு குறியா என்று நினைத்தேன். அதற்கு முன்னால் ‘நாட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அதே குறி என்ன செய்யும் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதிக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் பிளாக்கில் தரைத்தளத்தில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள். வாய்க்கு அந்த வட்டாரமே பயப்படும். அவளையும் சேர்த்துப் பதினாறு பேர் வந்தார்கள். ஓடாத லிஃப்டுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து பதினாறு படிவங்களையும் நானே எழுதினேன். ஒவ்வொன்றிலும் ‘பிளாக்’ என்பதைச் சுருக்காமல் முழுதாக எழுதினேன். மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து நானே அதை டேட்டாபேஸில் ஏற்றினேன். அலுவலகத்தில் யாருக்கும் நான் அந்த இடத்துக்காரன் என்று தெரியாது. ‘தெரிந்தவர் மூலம் வந்தார்கள்’ என்று சொல்லிவிட்டேன். அக்காவும் காட்டிக்கொள்ளவில்லை. அலுவலகத்துக்கு வந்தால் என்னை ‘சார்’ என்பாள், படியில் இறங்கும்போது கண்ணடிப்பாள்.

விடுதி கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது, கடைசி நாள் வியாழக்கிழமை. அதற்குப் பதிலாக மாடம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் வளாகம் எங்களுக்குக் கிடைத்தது. பதினாறு பேரையும் அங்கே போடுவதாக ஏற்கெனவே பேச்சு. விடுதிக்கு இரண்டு பஸ் மாற விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. இது ஒரே பஸ். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கொஞ்சம் அனுசரித்தால் போய்விடலாம். அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். அங்கே பெயர் வராவிட்டால் அடுத்த மாதம் பதினாறு பேருக்கும் வேலையே இல்லை.

அந்த வியாழக்கிழமை மேனேஜர் சார் அந்த வளாகத்துக் குடியிருப்போர் சங்கத்தாரைப் பார்த்துவிட்டு வந்தார். சார் இந்த ஊர்க்காரர். குடும்பத்தின் பழைய வயல்களில் இன்று அபார்ட்மெண்ட்கள் நிற்கின்றன, அந்த அபார்ட்மெண்ட்களுக்கே ஆள் அனுப்புகிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சம்பள நாளைத் தள்ளிப்போட்டதில்லை. என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அசோசியேஷன்ல ஒரே ஒரு கண்டிஷன்தான்ப்பா. அந்த ஹவுசிங் போர்டு பக்கத்து ஆளுங்க வேணாமாம். திருட்டு பயமாம்.”

“சார், அந்தப் பதினாறு பேர் மேல ஒரு கம்ப்ளெய்ண்ட்கூட வந்ததில்லையே.”

“நல்லவங்கதான். நான் இல்லன்னு சொல்லலையே. நாம சொல்லல, அவங்க சொல்றாங்க. யார்கிட்டயும் விளக்கிக்கிட்டு நிக்க வேணாம். லிஸ்ட் எடுக்கறப்பவே வராத மாதிரி எடுத்துரு. அட்ரஸ்ல பிளாக்னு இருக்குமில்ல? அத வெச்சு தள்ளிவிடு. கேட்டா சிஸ்டம் எடுக்கலன்னு சொல்லிக்கலாம்.”

நான் எடுத்தேன். இதை மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை. முகவரி, நாட் லைக், ‘%பிளாக்%’: அந்தச் சொல் வருகிற முகவரி எதுவும் வேண்டாம் என்று பொருள். ஒரு வரி. என் கையால் முழுதாக எழுதிய பதினாறு முகவரிகளும் அந்த வரியில் வந்து சிக்கின. ஒன்றையாவது நான் சுருக்கியோ அரைகுறையாகவோ எழுதியிருந்தால் தப்பித்திருக்கும். வருகைப்பதிவு மெஷினை மாட்ட நானும் அந்த வளாகத்துக்குப் போக வேண்டியிருந்ததால் என் பெயரும் அதே பட்டியலில் இருந்தது. இரும்புலியூர் முகவரியோடு, ஆறாவது வரியில், பத்திரமாக. பொய் எழுதியவன் உள்ளே. உண்மை எழுதியவர்கள் வெளியே. பட்டியலை வளாகத்தின் கேட் ஆப்பில் ஏற்றினேன். அங்கே காவலாளி கையில், பெரிய போன் மாதிரி, ஒரு டேப் இருக்கும். அதில் பெயர் வந்தால்தான் கேட்டின் குறுக்குக் கம்பி மேலே தூக்கும், பேனாவால் எழுதிச் சேர்க்க வழியில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, பின்பக்கமாகச் சுற்றிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அக்கா தண்ணீர்க் குடத்தோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா இன்ஜினியரே, எங்க பேரு வந்துச்சா?”

நான் இன்ஜினியர் இல்லை, பி.சி.ஏ. அது அவளுக்குத் தெரியும்.

“லிஸ்ட் இன்னும் ஃபைனல் ஆவலக்கா.”

“ஆவலயா? உன் மூஞ்சப் பாத்தா ஆயாவ அடக்கம் பண்ணா மாறி கீது.”

“சிஸ்டம் எடுக்கலக்கா.”

“சிஸ்டம்னா யாருடா? அவனுக்கு எங்கள எப்டி தெரியும்?”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். முகவரியை வைத்துத் தள்ளினார்கள் என்றேன். யார் தள்ளியது என்றாள். நான்தான் என்றேன்.

குடத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

“ஃபாரத்த எழுதனதும் நீ. பேர அடிச்சதும் நீ. டபுள் டூட்டி பாக்குற போல.”

“அக்கா, காலைல போனதும் ஒரு வேல பண்றேன். பதினாறு பேருக்கும் சேலையூர்ல ஒரு அட்ரஸ் போட்டுடறேன். ஒரே கமாண்டு. அப்பறம் லிஸ்ட்ட மறுபடி எடுத்தா தானா வந்துரும். யாருக்கும் தெரியாது.”

“உனுக்கு இன்னா அட்ரஸு போட்டுகினு கீற, ஆபீஸ்ல?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

“சொல்லு. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்.”

“இரும்புலியூரு.”

“அட்ரா! எப்போ குடி போன? பால் காச்சனதுக்கு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா.” மாடிப்படியில் நின்றிருந்த இன்னொரு பெண்ணும் சிரித்துவிட்டாள். அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்தினாள். “என் அட்ரஸ தொடாத. நானா போயி இந்த வூட்டக் கேட்டேன்? அவனா வந்து இட்ச்சான், அவனா லாரில ஏத்தனான், அவனா சாவி குட்த்து போட்டோ புட்ச்சான். கவர்மெண்டு குட்த்த அட்ரஸு இது. வோணாம்னா என் மூஞ்சிக்கு நேரா வோணாம்னு சொல்லச் சொல்லு. நான் கூட்டற எடத்துல நான் எங்கேருந்து வர்றேன்னு தெரியட்டும். தெரிஞ்சிகினு கூப்டட்டும்.”

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. வேலை போகப் போகிறது, இதில் என்ன ரோஷம் என்று நினைத்துக்கொண்டே நான்கு மாடி ஏறினேன். அம்மா சாப்பாடு போட்டாள். பதினாறு பேரில் அம்மாவின் தோழிகள் நான்கு பேர். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வளாகத்தில் அறிமுகக் கூட்டம். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் உள்ளே போக வேண்டும். ஒன்பதே காலுக்கு சாருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பேசியது அந்த இடத்துக்கு சூப்பர்வைசராகப் போட்டிருந்த ஆள், சாருடைய மனைவியின் தம்பி.

“மாமா, என்ன உள்ள விட மாட்றான்! லிஸ்ட்ல என் பேரு இல்லங்கறான்!”

பின்னால் காவலாளியின் குரல் கேட்டது. எங்கள் ஆள்தான், கண்டிப்பானவர். “பேரு இருந்தாத்தான் சார் தொறக்கும். நான் இன்னா பண்றது? கம்பிய கையால தூக்கட்டுமா?”

சார் என்னைப் பார்த்தார். நான் தேடினேன். சூப்பர்வைசருடைய வரியில் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருந்தன. முகவரிக் கட்டம் காலி. அவரை யாரும் படிவம் நிரப்பச் சொன்னதில்லை, சாரோடு காரில் வந்து இறங்கினார், வேலையில் சேர்ந்தார். அந்த மாதிரி இன்னும் ஏழு பேர், எல்லோரும் சாருடைய ஊர் உறவு. நான் எழுதிய வரி அவர்கள் எட்டுப் பேரையும் சேர்த்தே தள்ளியிருந்தது. முகவரியில் ‘பிளாக்’ இல்லாதவர்களைக் கொடு என்று கேட்டால், காலிக் கட்டத்தை டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளாது. அதில் பிளாக் உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்று ஒதுக்கிவைத்துவிடும். பயிற்சி நிலையத்தில் இதை ஒரு பாடமாகவே நடத்தினார்கள். படித்து எழுதி, மார்க்கும் வாங்கி, மறந்துபோயிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். சாருக்கு மூச்சு வந்தது.

“அவ்ளோதானா? காலியா இருக்கறதையும் சேத்துக்கோன்னு ஒரு வரி போட முடியாதா?”

“போடலாம் சார்.”

“அப்பறம் என்னப்பா? போட்டு ஏத்து. அட்ரஸ் இல்லன்னா என்ன, நம்ம ஆளுதானே அவன்.”

‘அல்லது முகவரி காலியாக இருந்தால்’ என்று சேர்க்க வேண்டும். சின்ன வேலை. கை கீபோர்டுக்குப் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது. எனக்கு நினைவுக்கு வந்தது அக்காகூட இல்லை. ஜன்னல் வழியாகத் திரும்பி வந்த அம்மாவின் மனுதான். ஒரு கட்டம் காலி என்பதற்காக அரை நாள் கூலியை விட்டு மறுபடி போய் வரிசையில் நின்றாள். காலிக் கட்டம் எங்களுக்கு மட்டும்தான் குற்றமா?

“சார், அட்ரஸே குடுக்காதவங்க போலாம். ஒழுங்கா, முழுசா குடுத்தவங்க போகக் கூடாது. இதத்தானே என்ன எழுதச் சொல்றீங்க?”

“இப்போ இதுக்கா நேரம்?”

“ரெண்டு லிஸ்ட் இருக்கு சார். ஒண்ணுல எல்லாரும் இருக்காங்க. இன்னொண்ணுல உங்க மச்சான் இல்ல. மூணாவது லிஸ்ட் நான் எடுக்க மாட்டேன்.”

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

“என்னடா, மெரட்டறியா?” அதுவரை என்னை அவர் ‘டா’ போட்டுப் பேசியதில்லை. “அவங்க மேல உனக்கு என்ன அவ்ளோ அக்கறை? சொந்தமா?”

“அதே பிளாக் சார். நாலாவது மாடி.”

“நீ இரும்புலியூர்ல...”

“அது என் ஃப்ரெண்டு வீடு. பொய் சொல்லித்தான் சேந்தேன். நெஜத்தச் சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?”

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். என் வரியைத் திறந்து இரும்புலியூரை அழித்தேன். பிளாக் நம்பர், கதவு நம்பர், பின்கோடு வரைக்கும் அடித்துச் சேமித்தேன். நேற்று எழுதிய வரியை மறுபடி ஓட்டிக் காட்டினேன். ஆறாவது வரியில் இருந்த என் பெயர் இப்போது இல்லை.

“ஏழு மாசமா உங்க டேட்டா மொத்தமும் என் கையிலதான் சார் இருக்கு. ஏதாச்சும் காணாமப் போச்சா?”

போன் மறுபடி அடித்தது. “மாமா, வெயில்ல நிக்கறேன். நம்ம பசங்க எல்லாம் உள்ளேருந்து பாத்து சிரிக்கறானுங்க. செக்ரட்டரி வேற வந்துட்டாரு. நீ ஏதாச்சும் பண்றியா, இல்ல நான் வீட்டுக்குப் போய் எங்க அக்காகிட்ட பேசிக்கட்டுமா?”

சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குக் கடவுச்சொல் தெரியும், பட்டியலை ஏற்றத் தெரியாது.

“எல்லாரையும் போட்டுத் தொலை.”

“கண்டிஷன், சார்?”

“தூக்குடா அத!”

தூக்கினேன். அந்த ஒரு வரியை அழித்து, முழுப் பட்டியலையும் ஏற்றினேன். முகவரியோடு. இரண்டு நிமிஷத்தில் மச்சான் உள்ளே போய்விட்டார். பதினாறு பேரும் இன்னும் அழைக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்குப் போன் செய்து, இருக்கிற புடவையோடு எல்லோரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறச் சொன்னேன். “இன்னா, அட்ரஸ மாத்திட்டியா?” என்று சந்தேகமாகக் கேட்டாள். “ஆமாக்கா, என்னுத மாத்திட்டேன்” என்றேன். “சரி, வை” என்று வைத்துவிட்டாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மதியம் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சார் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. முதலில் குழைந்தார். பிறகு என்ன தோன்றியதோ, குரல் மாறியது. “சார், ஃபுல்லா வெரிஃபிகேஷன் முடிச்சு, ஒரு கட்டம்கூட காலி இல்லாம இருக்கறது அந்தப் பதினாறு ஃபைல்தான். வேணாம்னா எழுத்துல குடுங்க, நான் ஆள மாத்திக்கறேன்.” எழுத்தில் வரவில்லை. வெளியே வந்த சார் என்னைத் தாண்டிப் போகும்போது, “உன் விஷயத்த அப்பறம் பேசிக்கலாம்” என்றார். இன்னும் பேசவில்லை. பேசும்போது வேலை போனாலும் போகும். அந்த மூன்றாவது பட்டியலை அதற்காக நான் எடுக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பேங்கிலோ, வேலைக்கு எடுக்கும் கம்பெனியிலோ, பள்ளிக்கூட அட்மிஷனிலோ யாராவது ‘சிஸ்டம் எடுக்கலப்பா’ என்றால் நகராமல் நிற்கிறேன். என்ன கண்டிஷன் போட்டிருக்கிறீர்கள், யார் போடச் சொன்னது என்று கேட்கிறேன். பெரும்பாலும் எரிச்சல்படுகிறார்கள். அந்த வரியை எழுதும் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்கு ஊர் தெரியாது, ஆள் தெரியாது. எழுதச் சொன்னவருக்கும் எழுதினவனுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அக்காவிடமிருந்து போன்.

“இன்னா இன்ஜினியரே, உள்ள வுட்டானுங்க. பேரு, அட்ரஸு எல்லாம் டேப்புல பட்ச்சான். ஆமா, அங்கதான்னேன். கம்பி தூக்கிச்சு.”

“சரிக்கா. சந்தோஷம்.”

“சந்தோஷம் இருக்கட்டும். தர தொடைக்க பதினாறு பேருக்கு நாலு மாப்பு குட்த்துகீறாங்க. அதுலயும் ஒண்ணு ஒடஞ்சது. கையுற கிடையாது. ஆசிட் ஊத்தற வேலடா இது. உங்க சார்கிட்ட சொல்றியா, நானே வந்து சொல்லட்டுமா?”

சார் அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போனார்.

“லைன்ல இரு, அக்கா” என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே போய் அவர் கதவைத் தட்டினேன்.